ஆந்தை கூட்டத்து யெவ்செய் லுகிச்

“இந்த ஆளு என்ன கூட்டம்?”

“ஆந்தை கூட்டமுங்க சார்.”

“யெவ்செய் லுகிச்சா? ஆந்தை கூட்டமா?”

முதலாளி கந்தப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். பெருந்துறையில் மயிலாத்தாள் அக்கா நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்காக நான் எழுதிய, பொருத்தம் பார்க்கும் புரோகிராம் அது. 1998. மறுநாள் அக்கா முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒழுங்காக ஓடினால் காந்திபுரத்து ஆபீசில் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாமாவின் பம்ப்செட் பட்டறை.

பெண்பிள்ளைகளின் விவரம் மையத்தின் வாசலைத் தாண்டக் கூடாது என்று அக்கா டேட்டாபேஸைத் தர மறுத்துவிட்டார். அதனால் அதைப் படித்து ஒவ்வொருவராக எடுத்துக் கொடுக்கும் ரீடருக்குப் பதில், சோதனைக்காக ஒரு போலி ரீடரை எழுதினேன். நான் உள்ளே எழுதிவைத்த பன்னிரண்டு ஆட்களை அது எடுத்துக் கொடுக்கும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ரஷ்ய மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துப் படித்து, பீளமேட்டில் பனி கொட்டுகிறது என்று நம்பித் திரிந்தவன் நான். பன்னிரண்டு பேரையும் பனி தேசத்திலிருந்தே வரவழைத்தேன். ஆளுக்கொரு நட்சத்திரம், உயரம், கூட்டம். ஆறாத ஒரு துயரமும் கொடுத்தேன். அதற்கென்று இடமில்லாததால் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் போட்டேன்.

எங்கள் சாதியில் கூட்டம் என்றால் குலம்; ஒரே கூட்டத்தார் பங்காளிகள். பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். யெவ்செய் லுகிச்சுக்கும் ஆந்தை கூட்டத்து கிளாஷாவுக்கும் புரோகிராம் தயங்காமல் ‘கூடாது’ என்றது. எல்லாச் சோதனையும் பாஸ். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நல்ல ஜோடி.

மறுநாள் பெருந்துறையில், மகளுக்கு வரன் தேடி வந்திருந்த வெங்கடபதி நாயுடுவை அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். அவர் சமூகத்துப் பையன்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே பதில்: ‘ஒரே கூட்டம். கூடாது.’

“ஏனுங்க, எம் பொண்ணுக்கு இத்தன அண்ணன் தம்பியா?” என்றார் அவர். “எனக்கே தெரியாதுங்களே!”

அவர்களுக்குக் கூட்டம் என்ற வழக்கம் இல்லை. அக்கா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். காலியும் காலியும் ஒன்று என்று புரோகிராம் முடிவு கட்டிவிட்டது. என் போலி ரீடர் ஒருநாளும் காலிக் கட்டத்தைக் கொடுத்ததில்லை. வாழ்வின் வெறுமையைப் பற்றி ஆயிரம் பக்கம் படித்தவனுக்கு ஒரு வெறும் கட்டம் தோன்றவில்லை.

“சரி பண்ணிப்போடலாமா?” என்றார் கந்தப்பன் சார். குரலில் பம்ப்செட் பட்டறை கேட்டது.

இதை ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். இன்னும் எந்தெந்தக் கட்டம் காலியோ, யார் கண்டது? அக்கா, வரன்களின் பைல் இருக்கும் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“அக்கா,” என்றேன், “பேரு, ஊரு எல்லாம் நீக்கிப்போட்டு, நெசமான ஆளுங்க ஒரு பத்துப் பேரோட வெவரத்தை மட்டும் எழுதிக் குடுங்கக்கா. காலிக் கட்டம் காலியாவே இருக்கட்டும்.”