பல் கடிக்கும் பல்லி

குழந்தைக்குப் பல்லி என்று பட்டப்பெயர் வைத்தது அதன் அத்தைதான். கீழே இரண்டு, மேலே இரண்டு என்று பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தாள் பல்லி. தொட்டிலின் மேல்கட்டையில் எலி கொறித்தது போல வரிசையாகத் தடம். ரிமோட்டின் மூலை, செருப்பு வார், அப்பாவின் தோள்பட்டை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கடிக்க ஒன்றும் கிடைக்காதபோது மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து அரைப்பாள். அத்தனை சின்ன வாயிலிருந்து சிலேட்டில் ஆணியால் கீறியது போல ஒரு சத்தம் வரும். கேட்கிறவர்களுக்கு உடம்பு கூசும்.

அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். தெருவில் பஸ்காரம்மா என்றால்தான் தெரியும். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து பகலில் பல்லியைப் பார்த்துக்கொண்டது நாத்தனார், கணவனின் தங்கை. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலையை அவள் வீட்டிலிருந்தே செய்தாள். ஒரு கை கணினியில் இருக்கும், இன்னொரு கை பல்லியின் வாயில்.

இரண்டு பேருக்கும் இப்போது பேச்சு இல்லை. காரணம் ஒரு மணிமாலை. பல் முளைக்கிற வலி தணியும் என்று யாரோ சொல்ல, நாத்தனார் தேன் நிற மணிகள் கோத்த குட்டி மாலை ஒன்றை வாங்கிவந்து குழந்தையின் கழுத்தில் போட்டிருந்தாள். வேலை முடிந்து வந்த பஸ்காரம்மா வந்த கையோடு அதைக் கழற்றினாள்.

"இது கழுத்துல இறுகினா என்ன ஆகும்? அறுந்தா மணியை முழுங்கிடுவா. கொஞ்சமாவது யோசிச்சியா?"

சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் தப்பாகப் போனது. அண்ணன் எதிரிலேயே கேட்டதில் நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு இருவரும் குழந்தையைத் தூது வைத்தே பேசிக்கொண்டார்கள். "பல்லி, பால் பவுடர் தீந்துபோச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." "பல்லி, வாங்கி அலமாரியில வெச்சாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு." பல்லி யாரிடமும் எதையும் சொல்லாமல் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே அரைத்தால் முளைத்த பல்லும் தேய்ந்துவிடும் என்ற பயம் மட்டும் இருவருக்கும் பொதுவாக இருந்தது. பல் டாக்டரிடம் காட்டலாம் என்று முடிவானபோது, "ரெண்டு பேரும் சேர்ந்து போயிட்டு வாங்க," என்றான் கணவன். பேசிக்கொள்வார்கள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

கிளினிக் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. அப்படியே பணிக்குப் போய்விடலாம் என்று பஸ்காரம்மா நீல நிற யூனிஃபார்ம் கோட்டோடு வந்திருந்தாள். லிஃப்டில் அவர்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. நாத்தனார் ஒரு மூலையில் நின்று மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு போய் ஐந்து வருவதற்குள் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

மணிப் பொத்தானை அழுத்தியதும் சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் காவலாளியின் குரல் கரகரத்தது. "பயப்படாதீங்கம்மா. மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு. வந்துட்டே இருக்காரு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வந்துட்டே இருக்காரும்மா."

மின்விசிறி ஓடவில்லை. இரும்புச் சுவர்களுக்குள் காற்று கனத்தது. பல்லி சிணுங்கத் தொடங்கினாள். பையிலிருந்த ரப்பர் வளையத்தை நாத்தனார் எடுத்து நீட்டினாள். காலையில் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர எடுத்து வந்தது, இப்போது வெதுவெதுவென்று இருந்தது. பல்லி அதை வாங்கி ஒரு கடி கடித்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். பிறகு அரைக்க ஆரம்பித்தாள். வீட்டில் கேட்டபோது தாங்க முடிந்த சத்தம், அந்தப் பெட்டிக்குள் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

"அம்மாடி, வேண்டாம்டா," என்று பஸ்காரம்மா அவளைத் தோளில் போட்டுத் தட்டினாள். பல்லி முகத்தைத் திருப்பி, கோட்டின் மேல் பட்டனை வாயில் வைத்துக்கொண்டாள். பெரிய பிளாஸ்டிக் பட்டன். அரைக்கும் சத்தம் நின்றது.

"பட்டனைக் கடிக்கிறா," என்றாள் நாத்தனார். இந்த முறை பல்லியைத் தூது வைக்கவில்லை.

"கெட்டியாத்தான் தெச்சிருக்கு. கடிச்சுட்டுப் போகட்டும். கத்தாம இருந்தா சரி."

"நான் ஏதாவது குடுத்தா மட்டும்தான் யோசிக்கணும் போல."

பஸ்காரம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "அதை இன்னும் விடலையா நீ?"

"எப்படி விடறது? பகல் பூரா இந்தச் சத்தத்தைக் கேக்கறது நான் அண்ணி. வேலையைப் போட்டுட்டு அவ ஈறைத் தேச்சு விடறது நான். நேத்து எப்படி இருந்தா, என்ன பண்ணான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? தப்பு பண்ணா மட்டும் நான் உங்க கண்ணுல படறேன்."

"நான் என்ன ஊர் சுத்தவா போறேன்? வண்டியில அத்தனை பேரை வெச்சுக்கிட்டு..."

விளக்கு அணைந்தது.

கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. ஒலிபெருக்கியில் காவலாளி என்னவோ சொன்னான். ஒன்றும் புரியவில்லை. பஸ்காரம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பல்லி அழப்போகிறாள் என்று காத்திருந்தாள். அழவில்லை. நல்லவேளை என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணம் குழந்தையின் வாயருகே காதை வைத்தாள். பல்லியின் கால்கள் அவள் இடுப்பை உதைத்தன. மூச்சு விடும் சத்தம் காதில் விழவில்லை. கோட்டின் கழுத்தருகே தடவிப் பார்த்தாள். பட்டன் இருந்த இடத்தில் நூல் மட்டும் இருந்தது.

"வெளிச்சம். ஃபோனை எடு. சீக்கிரம்."

வெளிச்சத்தில் பல்லியின் வாய் திறந்திருந்தது. கண்கள் அகன்று அம்மாவையே பார்த்தன. உதட்டோரம் நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. நாத்தனார் பதறிப்போய் விரலை வாய்க்குள் விடப் போனாள். பஸ்காரம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"விரலை விடாத. இன்னும் உள்ள போயிடும். லைட்டை மட்டும் பிடி."

ஓட்டுநர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்டியிருந்தார்கள். அன்று தோழிகளோடு சிரித்துக்கொண்டே செய்தது. இப்போது தரையில் மண்டியிட்டு, குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முதுகில் தட்டினாள். மெதுவாகத் தட்டினால் ஆகாது என்று தெரியும். தன் குழந்தையை இவ்வளவு ஓங்கித் தட்ட முடியும் என்பது அதுவரை தெரியாது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும். ஒன்றும் நடக்கவில்லை. மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் அழுத்தினாள். பல்லியின் கைகள் துவள ஆரம்பித்தன. ஃபோன் வெளிச்சம் சுவர்ப் பக்கம் விலகிப் போனது.

"நேராப் பிடி."

"பிடிச்சிருக்கேன் அண்ணி. நீங்க பண்ணுங்க. நிறுத்தாதீங்க."

திரும்பவும் குப்புறப் போட்டு ஓங்கித் தட்டியபோது, பட்டன் எச்சிலோடு தெறித்துத் தரையில் விழுந்தது. ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு பல்லி வீறிட்டாள். இருட்டுக்குள் அந்த அழுகை காதைக் கிழித்தது. பஸ்காரம்மா அவளை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாத்தனாரும் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் பாதத்தையும் இன்னொரு கையால் அண்ணியின் தோளையும் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே இரும்பு இரும்போடு உரசியது. கதவின் இடுக்கில் வெளிச்சம் கோடாக விழுந்து அகன்றது. ஐந்தாவது மாடித் தரை அவர்கள் மார்பளவு உயரத்தில் இருந்தது. மெக்கானிக் குனிந்து கையை நீட்டினார். "மெயினை அணைச்சாச்சு, இனி அசையாது. முதல்ல குழந்தையைக் குடுங்கம்மா." பஸ்காரம்மாவால் குழந்தையை விட முடியவில்லை. நாத்தனாரை முதலில் ஏறச் சொல்லி, அவள் கையில்தான் பல்லியைத் தூக்கிக் கொடுத்தாள்.

பல் டாக்டர் நடந்ததைக் கேட்டதும் பல்லைப் பார்க்கவில்லை. அதே கட்டடத்தில் இருந்த குழந்தை டாக்டரிடம் அழைத்துப்போனார். அவர் முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சு இரண்டு பக்கமும் சீராக இருக்கிறது என்றார். "இருமல், இரைப்பு எதுவா இருந்தாலும் உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

பல்லைப் பற்றிப் பல் டாக்டருக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. புதுப் பல் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிற வயசு, பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக நின்றுவிடும், தேய்ந்துவிடாது என்றார். சுத்தமான துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுக்கலாம், உறையவைத்துக் கொடுக்கக் கூடாது. விரலைக் கழுவிக்கொண்டு ஈறைத் தேய்த்துவிடலாம். "இவ்வளவு நாளா அதைத்தான் பண்ணிட்டு இருக்கா," என்றாள் பஸ்காரம்மா, நாத்தனாரைக் காட்டி.

படிக்கட்டு வழியாகவே இறங்கினார்கள். அன்றைக்கு வண்டி எடுக்க முடியாது என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டாள். கீழே வந்ததும் கணவனின் அழைப்பு வந்தது. நாத்தனார் எடுத்துப் பேசினாள். "லிஃப்ட் நின்னுபோச்சுண்ணா. பல்லிக்குத் தொண்டையில அடைச்சிடுச்சு. இப்ப ஒண்ணுமில்ல, அண்ணி..."

பஸ்காரம்மா ஃபோனை வாங்கினாள். "என் கோட்டுப் பட்டன்தான். இவ சொன்னா, நான்தான் கேக்கலை," என்றாள். அந்தப் பக்கம் கணவன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னாள்.

பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் நாத்தனாரின் மடியில் பல்லி தூங்கிவிட்டாள். வந்த ஒரு பேருந்தை இருவரும் போகவிட்டார்கள்.

"நேத்து எப்படி இருந்தா?" என்றாள் பஸ்காரம்மா.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிறகு சொல்லத் தொடங்கினாள். காலையில் பால் குடிக்கவே இல்லை. மத்தியானம் கீபோர்டில் ஒரு எழுத்துப் பொத்தானைப் பெயர்த்துவிட்டாள், நல்லவேளை வாய்க்குப் போவதற்குள் பிடுங்கிவிட்டேன். சாயங்காலம் இருந்தாற்போல ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தானாக நின்றாள்.

"நின்னாளா? நீ சொல்லவே இல்லையே."

"நாமதான் பேசிக்கலையே அண்ணி."

பஸ்காரம்மா நாத்தனாரின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "என் லீவு நாள்ல நீ இவளைத் தொடவே கூடாது. தூங்கு, எங்கயாவது போ, உன் வேலையைப் பாரு. மத்த நாள்ல நான் வந்ததும் நீ எல்லாத்தையும் சொல்லணும். ஒண்ணு விடாம."

"சரி."

"சொல்லு. ஜன்னலைப் பிடிச்சுட்டு எவ்வளவு நேரம் நின்னா?"