அக்காவின் பங்கைத் தின்றவன்

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குத்தான் பசி அதிகம். ஜியு ஆற்றின் இந்தக் கரையில் உயிரோடு இருப்பவர்கள் அறுநூறு பேர். தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்குள் இருப்பவர்கள் நாலாயிரம் பேராவது தேறுவார்கள். அத்தனை பேருக்கும் எங்கள் அறுநூறு வாய்தான். பக்கத்து வீட்டு லியோந்தினா ஒரு தட்டில் மக்காச்சோளக் களியும் பன்றியிறைச்சியும் வைத்து, ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, வேலிக்கு மேல் நீட்டி, "இது தீத்துவுக்கு" என்பாள். தீத்து அவள் புருஷன், போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். நான் வாங்கிக்கொண்டு, "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தின்ன வேண்டும். தின்றால் அவனுக்குப் போய்ச் சேரும். தின்னாவிட்டால் அவன் அங்கே காலி மேசை முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். இதற்கு எங்களிடம் பெயர் பொமானா. பொமானாத் தட்டை வேண்டாம் என்று சொன்ன மனிதனை என் அறுபத்தாறு வயதுக்குள் நான் பார்த்ததில்லை.

நானும் அப்படிச் சொல்கிற ஆளாக இருந்ததில்லை. என் பெயர் பாந்தெலிமோன். முப்பத்தொரு வருஷம் ஊருக்கும் க்ரயோவா நகரத்துக்கும் நடுவில் பஸ் ஓட்டினேன். நான் சீட்டில் உட்கார்ந்ததும் பஸ் இடது பக்கம் சாயும். விவரம் தெரிந்த பயணிகள் தாங்களாகவே வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஓய்வு பெற்ற அன்று நூற்று அறுபத்திரண்டு கிலோ. என் அக்கா ஸ்தாங்கா நூற்று முப்பத்தெட்டு. எங்கள் இரண்டு பேரையும் மாவுமில் தராசில்தான் நிறுப்பார்கள், மூட்டைகளுக்கு நடுவே. ஒரு தடவை மில்காரன் பழக்கதோஷத்தில் அக்கா கையில் ரசீதைக் கொடுத்துவிட்டான். அக்கா அதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டினாள்.

சர்க்கரை என் இடது காலின் சுண்டுவிரலை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் இருவரும் எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தோம். ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். நவம்பரில் நாள் குறித்தார்கள். ஆனால் மார்ச்சில்தான் போனேன், தனியாக. அக்கா ஜனவரியில் இதயம் நின்று போய்விட்டாள்.

இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு. பசியைக் கிளப்பிவிடும் சுரப்பு அந்த வெட்டிப்போட்ட பகுதியில்தான் பெரும்பாலும் இருந்ததாம். அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசி என்பதே இருக்காது, பிறகு மெல்லத் திரும்பி வரும், அதற்குள் கையையும் வாயையும் பழக்கிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். டீஸ்பூன். சின்னத் தட்டு. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும். முதலில் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு இடமிருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி கழித்துத்தான். அதையும் மடக்மடக்கென்று இல்லை, குருவி குடிப்பதுபோல.

ஜூனில், ஊரே பொமானா கொடுக்கும் இறந்தவர்களின் சனிக்கிழமை வந்தது. வேலிக்கு மேல் பதினோரு தட்டுகள். எனக்கு ஒரு பருக்கைக்கும் ஆசையில்லை. மணக்க மணக்க வந்த முட்டைக்கோஸ் சுருளை ஒரு செங்கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் கோழிகளுக்குப் போட்டேன். அந்தக் கோடையில் எங்கள் ஊர் மூதாதைகள் பூராவும் என் கொல்லையில் இறக்கை முளைத்துப் பெருத்துத் திரிந்தார்கள். ஒரு சேவல் அச்சு அசல் தீத்து மாதிரியே நடந்தது. அக்டோபரில் தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு இறங்கினேன். என் பழைய கால்சட்டையின் ஒரு காலுக்குள்ளேயே நான் முழுசாக நின்றேன்.

பிறகு பசி திரும்பி வந்தது.

கதவைத் தட்டிக் கேட்டுவிட்டெல்லாம் வரவில்லை. நவம்பர் முதல் சனிக்கிழமை, அடுத்த இறந்தவர்களின் நாள். லியோந்தினா வேலியோரம் நின்றாள்.

"ஏ பாந்தெ, பிடி. இது தீத்துவுக்கு. கோழியும் சோறும். கருகிடுச்சுன்னு நெனைக்காத, அவனுக்குக் கருகினாத்தான் பிடிக்கும்."

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

"மன்னிக்கிறது இருக்கட்டும், மொதல்ல நீ தின்னு. ஜூன்ல குடுத்தத நீ தின்னியா இல்லியா? கனவுல வந்து 'எலும்பும் தோலுமாயிட்டேன்டி'ங்கறான்."

"அவன் எப்பவுமே எலும்பும் தோலும்தானே லியோந்தினா."

"நீயும் இப்ப அப்படித்தான் இருக்க. காத்துல பறக்கற சட்டை மாதிரி. தின்னுய்யா!"

அன்று நாலு ஸ்பூனில் நிறுத்தினேன். ஆனால் அரைமணி கழித்து இன்னொரு தட்டு. அதிலும் நாலு ஸ்பூன். டாக்டரம்மாவின் கணக்குப்படி ஒவ்வொரு தட்டிலும் நான் யோக்கியன். அப்படிப் பதினாலு தட்டுகள். பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேரின் தாத்தாக்களுக்குச் சாப்பாடு போட்டிருந்தேன். ஒரு தடவைகூட வயிறு வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம்.

திங்கட்கிழமை யாரும் தட்டு தரவில்லை. நானே ஒரு மெழுகுவத்தியை ஏற்றினேன். ஒரு துண்டு அல்வாவை எடுத்து, "இது அக்காவுக்கு" என்றேன். அல்வா மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கும். செவ்வாய்க்கிழமை ஐஸ்கிரீம், அக்காவுக்கு. புதன்கிழமை வால்நட் வைத்த இனிப்பு ரொட்டி, அக்காவுக்கு. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கியபோது எங்கள் தேவாலயத்தைவிட என் சமையலறையில்தான் மெழுகுவத்தி அதிகம் எரிந்தது. என் பசி பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு வந்திருந்தது. நானும் அதன் கையை முத்தமிட்டேன்.

ஏன் அக்கா பெயரில் என்றால், காரணம் இருக்கிறது. நவம்பரில் குறித்த நாளைத் தள்ளிப் போட்டது நான். டிசம்பர் இருபதாம் தேதி பன்றி வெட்டுவோம். வெட்டிய உடனே முற்றத்திலேயே கொப்பரையில் வறுத்து அத்தனை பேரும் சுற்றி நின்று தின்போமே, அதற்கும் பொமானா என்றுதான் பெயர், பன்றியின் பொமானா. "ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை, வயிறு முழுசா இருக்கறப்பவே தின்னுட்டுப் போயிடுவோம் அக்கா" என்றேன். ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து, எனக்குச் சளி என்று சொன்னேன். ஜனவரி இருபதாம் தேதிக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் தேதி அவள் இல்லை.

டிசம்பரில் செக்கப்புக்குப் போனேன். தராசு நூற்றைந்து காட்டியது. டாக்டரம்மா என்னை இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார். தராசு மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

"ரெண்டு மாசத்துல ஏழு கிலோ. என்ன சாப்பிடறீங்க?"

"நான் சாப்பிடலை டாக்டர். செத்தவங்க சாப்பிடறாங்க."

வேறு ஊர் டாக்டராக இருந்தால் சிரித்திருப்பார். இவர் எங்கள் பக்கத்துக்காரி.

"எத்தனை பேருக்கு?"

"இறந்தவங்க சனிக்கிழமையில ஊருக்கே. மத்த நாள்ல ஒருத்திக்கு மட்டும்."

"அந்த ஒருத்திக்கு எத்தனை கிலோ ஏறியிருக்கு?"

"ஷூவைக் கழட்டுங்க" என்றார். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்து விரலில் ஒரு காசளவு புண். எனக்கே தெரியாமல் வந்திருந்தது.

"சர்க்கரை திரும்பிடுச்சு. மார்ச் வரைக்கும் பாப்பேன். ஏறிக்கிட்டே போச்சுன்னா இந்தத் தடவை விரலோட நிக்காது, பாதம் போயிடும். இன்னொரு தரம் வெட்டறதுக்கு உங்க வயித்துல எடமும் இல்ல, உங்க இதயத்துல தெம்பும் இல்ல. வீட்டுக்குப் போய் யோசிங்க, யாருக்குச் சாப்பாடு போடறீங்கன்னு."

வீட்டுக்குப் போய் யோசித்தேன். அல்வாவோடுதான்.

அக்காவின் வருஷ நினைவுநாள் ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. அக்கா மகள் கசியானா க்ரயோவாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மூன்று நாள் லீவு போட்டு வந்து அம்மாவின் சமையலறையில் நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் தட்டுதான் முதல் தட்டு, அதுதான் பெரிய தட்டும். விடிந்ததும் போய்விட்டேன். சுவரில் மாவுமில் ரசீது அப்படியே தொங்கியது: கோதுமை, 138.

கசியானா முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து இலையைப் பிரித்துக் கொடுத்தேன். வாயில் எச்சில் ஊறி ஊறி விழுங்கினேன். முன்னூறு சுருள் வரைக்கும் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

"கசியானா. நவம்பர்ல போயிருக்க வேண்டியது. பன்னி வெட்டற வரைக்கும் பொறுப்போம்னு நான்தான் சொன்னேன். எனக்குச் சளியெல்லாம் இல்ல."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் மாமா."

"அம்மா சொன்னாளா?"

"மூணு நாள் உங்களைத் திட்டினா. நாலாம் நாள் தொத்திறைச்சிக்குப் பூண்டு உரிக்க உக்காந்துட்டா."

"எம்மேல கோவமா இருக்கியா?"

"இருக்கேன். ஒரு வருஷமா இருக்கேன்." சுருளைப் பானையில் வைத்து அழுத்தினாள். "நீங்களும் போயிட்டா நான் யார்மேல கோவப்படறது? அந்த விரலைப் பாக்கலைன்னு நெனைச்சீங்களா, நொண்டிக்கிட்டு வரீங்க."

பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி, இனிப்புக் கோதுமையை ஆசீர்வதித்துவிட்டுப் போனதும், எல்லோரும் நீள மேசையைச் சுற்றி நின்றார்கள். கசியானா முதல் தட்டோடு என்னிடம் வந்தாள். தட்டில்லை. ஒரு மண்குவளை. அதன் காதில் மெழுகுவத்தி கட்டியிருந்தது. உள்ளே தண்ணீர்.

"இது அம்மாவுக்கு."

லியோந்தினா தொண்டையைக் கனைத்தாள்.

"ஏம்மா, தாய்மாமனுக்கு வெறுந்தண்ணியா? அவளும் சாப்பிடப் பிறந்த மகராசியாச்சே. பட்டினி போடறியா?"

"ஆஸ்பத்திரியில அம்மா கடைசி மூணு நாள் சோறே கேக்கல," என்றாள் கசியானா. குரல் உயரவே இல்லை. "தண்ணிதான் கேட்டா. நுரையீரல்ல நீர் கோத்திருக்கு, குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பஞ்சுல நனைச்சு உதட்டுல தடவினேன். அவ்வளவுதான்."

எனக்கு அது தெரியாது. கடைசி நாள் மத்தியானம் நான் அக்காவைப் பார்க்கப் போனேன், கொழுப்பில் போட்டுவைத்த வறுத்த பன்றியிறைச்சி ஒரு ஜாடி எடுத்துக்கொண்டு. அவள் ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டை நக்கினாள். ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "அப்புறம் தின்னுக்கறேன், வை" என்றாள். நர்ஸ் வைக்க விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, பஸ் வருவதற்குள், அந்த ஜாடியை விரலால் வழித்து முழுசாகத் தின்றேன். இதைக் கசியானாவிடம்கூட நான் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்றேன். குவளையை வாயில் வைத்தேன். ஒரேயடியாகக் குடித்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டாவது மடக்கிலேயே நெஞ்சு அடைத்தது. அந்த வாழைப்பழ வயிறு அவசரத்தை ஏற்காது. ஒரு வாய், பிறகு காத்திருப்பு. இன்னொரு வாய். நாற்பது பேரும் உட்கார்ந்து தின்றார்கள், அழுதார்கள், அக்கா ஒரு கல்யாணத்தில் நாற்காலியை உடைத்த கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். முட்டைக்கோஸ் சுருளின் மணம் என் மூக்குக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்தது. பசி எனக்கு நேர் எதிரே, அக்காவின் நாற்காலியில், அங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. நான் குடித்துக்கொண்டே இருந்தேன். குவளை காலியானபோது மெழுகுவத்தி முக்கால்வாசி எரிந்திருந்தது.

அரைமணி கழித்துக் கசியானா மறுபடி வந்தாள். காபிக் கோப்பையின் சாசரில் கொத்திய கோழி கொஞ்சம், ஒரு டீஸ்பூன். மெழுகுவத்தி இல்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. உங்களுக்கு."

முதல் ஸ்பூனை முப்பது தடவை மென்றேன். இரண்டாவது. மூன்றாவது. நாலாவது ஸ்பூனில் நெஞ்செலும்புக்குக் கீழே ஏதோ ஒன்று போதும் என்று மெல்லத் தட்டியது, அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டிய பயணி டிரைவர் தோளைத் தொடுவதுபோல. பத்து மாதமாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கும். நாலாயிரம் பேருக்குப் பரிமாறிய சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தேன். சாசரில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பஸ் ஓட்டிய முப்பத்தொரு வருஷத்தில் அதைவிடச் செங்குத்தான இறக்கத்தில் நான் பிரேக் போட்டதில்லை.

மார்ச் தொடக்கத்தில் மறுபடி இறந்தவர்களின் சனிக்கிழமை. முந்தைய நாள்தான் செக்கப். நூற்றொன்று. புண் ஆறவில்லை, ஆனால் பெரிதாகவும் இல்லை. ஜூனில் வாருங்கள் என்றார் டாக்டரம்மா, பாதத்தைப் பற்றிப் பேசவில்லை.

லியோந்தினா வேலிக்கு மேல் தட்டை நீட்டினாள். "பிடி பாந்தெ. இது தீத்துவுக்கு."

என் கை பாதி தூரம் போய்விட்டது. உண்மையாகச் சொல்கிறேன், வறுத்த வெங்காய வாசனை வந்தது, உயிரே போனது.

"லியோந்தினா, கோவிச்சுக்காத. தட்டு வேண்டாம். அவனுக்கு ஒரு குவளை தண்ணி கொண்டாந்து குடு."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கல்லறையில் இருக்கிற நாலாயிரம் பேரும் எழுந்து உட்கார்ந்து என்னை முறைத்தார்கள்.

"தண்ணியா? தீத்துவுக்கா? உசுரோட இருந்த அறுபத்தெட்டு வருஷமும் பிளம் சாராயத்தத் தவிர அவன் ஒண்ணும் தொட்டதில்லையேய்யா! ஞானஸ்நானத்துலயே தண்ணி பட்டதுக்கு அலறினவனாம்!"

"அங்க போயாவது பழகட்டும்."

தட்டோடு திரும்பிப் போனாள், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தாள், பூப்போட்ட ஒரு குவளையோடு, காதில் மெழுகுவத்தி கட்டி. முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்தான்.

"மெதுவா குடி," என்றாள். "அவன் நெஞ்சடைச்சுதான் செத்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒரு வாய் குடித்துவிட்டுக் காத்திருந்தேன்.