நெருப்பை நகர்த்தியவள்

"கையைச் சுண்டுவிரல் பக்கமா இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக்கங்க அண்ணி," என்றாள் நாத்தனார். கறுப்புத் தட்டின் மேல் வலது கையை வைத்திருந்த தத்துவப் பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்தாள். மேலே தொங்கிய எக்ஸ்ரே இயந்திரத்திலிருந்து மஞ்சள் வெளிச்சம் இறங்கி, கையின் நிழலைத் தட்டில் விரித்தது.

இது மூன்றாவது படம். முதல் இரண்டையும் பார்த்த டாக்டர், எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று சொல்லிவிட்டார். கல்லூரிப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து பேனா பிடிக்க முடியாமல் தவித்தவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிளம்பியவளை நிறுத்தி, பெருவிரலுக்குக் கீழே குழி விழும் இடத்தில் மெல்ல அழுத்திப் பார்த்தாள் நாத்தனார். பேராசிரியைக்குக் கண்ணில் பொறி பறந்தது. நாத்தனார் நேராக டாக்டரின் அறைக்குள் போனாள். வேறு கோணத்தில் இன்னொரு படம் எடுக்கட்டுமா என்று அவள் கேட்பதும், சொந்தக்காரர் என்றால் சந்தேகமும் கூடிவிடுமோ என்று டாக்டர் சிரிப்பதும் வெளியே கேட்டன.

"ஒண்ணுமில்லேன்னா நான்தான் தப்புன்னு வெச்சுக்கங்க சார்."

வீட்டில் அவளுக்கு எலும்பு போட்டோக்காரி என்று பெயர். அவளுடைய அண்ணன், அதாவது பேராசிரியையின் கணவர், வைத்தது. இரண்டு வருடப் படிப்பு, அதன் பிறகு இந்த ஜன்னலில்லாத அறை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பேராசிரியை குகைக் கதையைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து குகைக்குள் கட்டிப்போடப்பட்ட மனிதர்கள். முதுகுக்குப் பின்னால் நெருப்பு. எதிர்ச்சுவரில் ஆடும் நிழல்களையே அவர்கள் உலகம் என்று நம்புகிறார்கள். கட்டவிழ்ந்து வெளியே போய்ச் சூரியனைப் பார்த்தவனுக்குத்தான் உண்மை தெரிகிறது. இருபது வருடமாக வார்த்தை மாறாமல் அவள் நடத்தும் பாடம் அது. எல்லோரும் தலையாட்டினார்கள். நாத்தனார் மட்டும் தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"வெளிய போக முடியாதவங்க என்ன பண்ணுவாங்க அண்ணி? யாராவது அந்த நெருப்பைக் கொஞ்சம் நகத்தி வெச்சா நிழல் மாறுமே. அப்பவாவது யோசிப்பாங்கல்ல?"

போட்டோக்காரிக்கு எப்போதும் லைட்டு நினைப்புதான் என்றார் அண்ணன். மேசையே சிரித்தது. பேராசிரியையும் குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

இப்போது நாத்தனார் கைப்பிடியைப் பற்றி இயந்திரத்தின் தலையைச் சாய்த்தாள். வெளிச்சம் சரிந்தது. தட்டில் கிடந்த நிழல் நீண்டு, வேறு யாருடைய கையோ போலானது. அவள் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, விளக்கை ஒரு விரற்கடை நகர்த்தினாள். போதாதென்று மறுபடியும். அவசரமே இல்லை அவளிடம். பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள்தான், ஆனால் இந்த முகத்தைப் பேராசிரியை பார்த்ததேயில்லை. சூரியனைப் பார்த்தவர்கள் பக்கம்தான் தானும் இருப்பதாக இத்தனை நாளும் எதை வைத்து நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அசையாதீங்க." நாத்தனார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள்.

திரையில் ஒரு சின்ன எலும்பு தெரிந்தது. அதன் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. முதல் இரண்டு படங்களில் அதே எலும்பு முழுசாக இருந்தது.

"அப்ப அதெல்லாம் பொய்யா?"

"பொய்யில்ல அண்ணி. அங்கேர்ந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும்."

டாக்டர் வந்து வெகுநேரம் பார்த்தார். இப்படியே விட்டிருந்தால் ரத்தம் போகாமல் எலும்பு செத்து, கை வீணாகியிருக்கலாம் என்றார். மாவுக்கட்டு குறைந்தது ஆறு வாரமாவது இருக்க வேண்டுமாம். நாத்தனாரைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அவள் அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல," என்றாள் பேராசிரியை.

"என்னிக்கு அண்ணி?" நிஜமாகவே அவளுக்கு ஞாபகமில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் குகைக் கதை வந்தது. பேராசிரியை கரும்பலகையில் இடது கையால் கோணல்மாணலாகக் குகையை வரைந்தாள். கட்டுண்ட மனிதர்கள், சுவர், பின்னால் நெருப்பு. வழக்கமான வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். நெருப்பை மட்டும் துணியால் அழித்துவிட்டு, சற்றுத் தள்ளி வரைந்தாள். இனி நிழல் எங்கே விழும்? வகுப்பு காத்திருந்தது. சாக்பீஸைப் படத்திலிருந்த வெற்றுச் சுவருக்கு நேரே உயர்த்தியபடி அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள்.