ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்ட்

லோடருக்குக் குழப்பம் முதலில் தலையணையில்தான் ஆரம்பித்தது.

அவன் விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன். கூட வேலை செய்கிறவர்கள் லோடர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பால்காரர் வரைக்கும் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. மகள் பிறந்ததிலிருந்து அவனுக்கு இரவு ஷிஃப்ட். அவன் மனைவிக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் பகல் ஷிஃப்ட். படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு மடித்து அடுக்க வேண்டும். பிள்ளையை யாரிடமும் விடக் கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு இது. காலையில் அவன் படியேறும்போது அவள் இறங்குவாள். மாலையில் அவள் ஏறும்போது அவன் இறங்குவான். அந்தப் படிக்கட்டில்தான் குடும்பம் நடந்தது. "கேஸ் தீர்ந்துடுச்சு." "டீச்சர் கூப்பிட்டாங்க." "சாவி இந்தா." சண்டை போட நேரமில்லாததால், அந்தக் கட்டடத்திலேயே ஒற்றுமையான தம்பதி என்று நல்ல பெயர் வேறு.

பிறகு நோய் வந்தது. விமானங்கள் நின்றன. ஹோட்டலை மூடினார்கள். போதாக்குறைக்கு மேல்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, மொத்தக் கட்டடத்துக்கும் சீல் வைத்து கேட்டில் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். பாலும் காய்கறியும் கேட்டுக்கு வரும். மனிதர்கள் கேட்டைத் தாண்டக் கூடாது.

அன்றிரவு படுக்கப் போனபோது இரண்டு பேரும் நேராகக் கட்டிலின் சுவரோரம் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் இங்கதான் படுப்பேன்" என்றாள் அவள்.

"நானும் இங்கதானே படுப்பேன்" என்றான் அவன்.

இத்தனை வருடமாக மெத்தையின் ஒரே பள்ளத்தில், ஒரே தலையணையில், ஆளுக்கொரு வேளை தூங்கியிருக்கிறார்கள். லீவு நாளில்கூட அவனுக்கு ராத்திரித் தூக்கம் பிடிக்காது. டிவி முன்னால் உட்கார்ந்தே விடிய வைத்துவிடுவான். இப்போது இரண்டு பேரும் தலையணையைப் பார்த்துத் திருதிருவென விழித்தார்கள். கடைசியில் நடுவில் மகள் வந்து படுத்து, அந்தத் தலையணையை அவளே எடுத்துக்கொண்டாள். விவகாரம் தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? அப்போதுதான் ஆரம்பம்.

மறுநாள் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. மகளுக்கு வயது எட்டு. காலையில் அம்மா ஊட்டிவிட்டுப் போவாள். அம்மா படியிறங்கியதும் அப்பா வந்து, "பாவம், பிள்ளைக்குப் பசிக்கும்" என்று இன்னொரு தட்டு வைப்பான். பொடிசு வாயைத் திறக்காமல், அதாவது சொல்வதற்குத் திறக்காமல், இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறது. பெற்றவர்கள் இருவரும் அடுக்களையில் ஆளுக்கொரு தட்டோடு மோதிக்கொண்டபோது, மகள் மேஜைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள்.

இப்படி எல்லாமே இரண்டு. அவள் உப்புப் போட்ட குழம்பில் அவனும் உப்புப் போட்டான். அவன் காயப்போட்ட துணியை அவள் மறுபடி அலசினாள். ஒருவர் போனதும் இன்னொருவர் பொறுப்பு என்று பழகிய கைகள். போகவேண்டியவர் போகவில்லை என்பது கைகளுக்கு எங்கே தெரிகிறது? லோடருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. அவன் வீடுதான், அவன் குடும்பம்தான். ஆனால் அந்த வீட்டின் பாதி நாள் மட்டுமே அவனுக்குத் தெரியும். மீதிப் பாதியில் அவள் யார், அவன் இருப்பது அவளுக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை எப்போது தொலைவான் என்று பார்க்கிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்பதற்கு அவனுக்குப் படிக்கட்டு தேவைப்பட்டது.

ஒருநாள் மாலை துணி எடுக்க பால்கனிக்குப் போனான். வழக்கமாக அவன் வேலைக்குக் கிளம்புகிற நேரம். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் தினமும் அவன் கிளம்பியதும் செய்கிற வேலை: வாசல் கதவைப் பூட்டுவாள், பால்கனிக் கதவைத் தாழ் போடுவாள், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். அன்றும் கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. லோடர் தோளில் துணிமூட்டையோடு வெளியே நின்றான்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன், ஜன்னல் வழியே உள்ளே பார்த்து அப்படியே நிறுத்திவிட்டான்.

மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வணக்கம் சார். ரூம் சர்வீஸ். என்ன வேணும்?"

"என் ரூம்ல யானை இருக்கு" என்றது பொடிசு, கட்டைக் குரலில்.

"ஒரு யானையா, ரெண்டு யானையா சார்? ரெண்டுன்னா எக்ஸ்ட்ரா பெட் போடணும்."

"யானைக்குச் சுருக்கம் பிடிக்காது. இஸ்திரி போட்ட விரிப்புதான் வேணுமாம்."

"யானையோட தோலைப் பார்த்தீங்களா சார்? முதல்ல அதுக்குப் போடணும் இஸ்திரி."

சொல்லிவிட்டு அவளுக்கே தாங்கவில்லை. கரண்டியோடு கட்டிலில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். லோடரும் வெளியே நின்று சிரித்துவிட்டான். அவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவனுக்குத் தெரியாது. பழக்க தோஷத்தில், தான் வேலைக்குப் போய்விட்டதாக நினைத்துத்தானே சிரிக்கிறாள்? நான் இல்லை என்றால்தான் இவளுக்குச் சிரிப்பு வருமா என்று நினைத்ததும் கை கதவைத் தட்ட மறுத்துவிட்டது.

திரையை இழுக்க வந்தவள்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தலையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். கதவைத் திறந்தாள்.

"ஏங்க, இங்க என்ன பண்றீங்க?"

"நீதானே தாழ்ப்பாள் போட்ட."

"தட்ட வேண்டியதுதானே?"

"துணி இன்னும் காயல" என்றான். வேறென்ன சொல்வது? மகள் தலையிலிருந்த துண்டை அவசரமாக அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். ஹோட்டலை இரண்டாவது முறையாக மூடிவிட்டார்கள். லோடருக்கு அது வலித்தது.

மறுநாள் காலையில் அவன் முறை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மகள் அவன் காதில் வந்து, "அப்பா, பெல்ட்டு" என்றாள். விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வருமே, அந்த பெல்ட்டு. அவன் வேலை முடிந்து வந்ததும் தினமும் நடக்கிற விளையாட்டு. அவள் படுக்கை விரிப்பின் மேல் பெட்டியைப் போல் சுருண்டு படுத்துக்கொள்வாள். அவன் விரிப்பின் நுனியைப் பிடித்து, சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி இழுப்பான்.

"இது யாரோட பெட்டி? கேக்க ஆளே இல்லையா? உள்ள என்ன, கல்லா? அம்மாடி, ரெண்டு டிபன் உள்ள போயிருக்கும்போல!"

மூன்றாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தால், ஈரத் தலையோடு மனைவி நின்றிருந்தாள்.

"என் விரிப்பு" என்றாள். "தரையிலயா?"

லோடர் முகத்தில் அசடு வழிந்தது.

"தினமும் இது மட்டும் ஏன் இப்படி அழுக்காகுதுன்னு நான் சோப்பை மாத்தி மாத்திப் பார்க்கிறேன். ஹோட்டல்ல போய் வேற கேட்டேன். தண்ணி சரியில்லன்னு சொன்னாங்க."

அவளுக்குக் கோபம்தான். ஆனால் கோபத்தின் நடுவிலேயே முகம் மாறியது. "வீட்டுக்கு வந்தா தூங்கத்தான் செய்வீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் தன்னைப் போலவே வலித்ததா, இல்லை அழுக்கைப் பற்றி மட்டும்தான் வருத்தமா என்று லோடருக்குப் பிடிபடவில்லை.

அன்று மத்தியானம், பெரியவர்கள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "வா, மூணு பேரும் சேர்ந்து விளையாடலாம்" என்று மகளைக் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மகள் நடுவில் நின்று ஒருமுறை இவனையும் ஒருமுறை அவளையும் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"ரெண்டு பேரும் இருந்தா எப்படி விளையாடறதுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள்.

தெரியாதது அவளுக்கு மட்டுமா? பெற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி எழுந்து போய் அந்த விரிப்பை ஊறவைத்தாள்.

அலசிய விரிப்பைப் பிழிய ஒரு ஆள் போதாது. "இந்த முனையைப் பிடிங்க" என்றாள். அவன் பிடித்தான். பெட்டி தூக்கிய கை. பலத்துக்கு என்ன குறை? முறுக்கினான். அவளும் முறுக்கினாள். அவன் முறுக்க முறுக்க விரிப்பு சுற்றியதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.

"அந்தப் பக்கம் இல்லங்க, இந்தப் பக்கம்."

"இந்தப் பக்கம்தானே சுத்தறேன்."

"உங்களுக்கு இந்தப் பக்கம்னா எனக்கு அந்தப் பக்கம்."

"அப்ப நீ எந்தப் பக்கம் சுத்தற?"

கேட்டுவிட்டு அவன் பக்கத்தை மாற்றினான். அவளும் அதே நேரத்தில் மாற்றினாள். விரிப்பு மறுபடி சும்மா சுற்றியது. குளியலறை வாசலில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்ற பொடிசுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவன் கை நழுவ, ஈர விரிப்பு மொத்தமும் மகள் தலையில் விழுந்தது. உள்ளே ஒரு மூட்டை துள்ளியது.

லோடர் யோசிக்கவே இல்லை. மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டான். "மேடம், விமான நிலையத்துல இருந்து வர்றேன். உங்க ஹோட்டலுக்கு ஒரு பெட்டி வந்திருக்கு. ஒழுகுது."

அவள் ஒரு கணம் தயங்கினாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது விரிப்புக்கு வெளியே தெரிந்தது. பிறகு மனைவி பக்கெட் குவளையை எடுத்துக் காதில் வைத்தாள்.

"உள்ள யானை இருக்கா பாருங்க. யானைன்னா பின் வாசல் வழியா கொண்டு வரணும்."

"யானைதான்!" என்றது மூட்டை.

அன்றைக்கு வீடு முழுக்க ஈரம். மூன்று பேரும் நனைந்த தரையிலேயே உட்கார்ந்து மீந்த சோற்றை ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார்கள். மனைவி அவன் எதிரிலேயே அப்படிச் சிரித்தாள். லோடருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சீட்டாட்டம், காய் நறுக்குவது, யாருக்கு எந்தப் பக்கத்துத் தலையணை என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. சண்டையும் போட்டார்கள், நிதானமாக, உட்கார்ந்துகொண்டு. ஆனால் லோடருக்குச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. ஊரே நோயில் தவிக்கும்போது, சீல் வைத்த வீட்டுக்குள் இருந்துகொண்டு இப்படி இருக்கலாமா? அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று அவனை அரித்தது. போக வழியில்லாததால் அவள் தன்னைச் சகித்துக்கொள்கிறாளோ?

ஒரு காலையில் கேட்டில் இருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். பால்கனியிலிருந்து மூன்று பேரும் பார்த்தார்கள். லோடர் உள்ளே போய்க் காய் நறுக்க உட்கார்ந்தான்.

நாலைந்து நாள் கழித்து சூப்பர்வைசர் போன் செய்தார். "சரக்கு விமானம் வர ஆரம்பிச்சிடுச்சுப்பா. ஆள் பத்தல. இன்னிக்கு நைட்டே வந்துடு. உங்க கட்டடத்துல சீல் எடுத்துட்டாங்கல்ல?"

மாதக்கணக்காக எதிர்பார்த்த போன். லோடர் வாயைத் திறந்தான். "இன்னும் இல்ல சார்" என்று வந்தது. "மேல்வீட்டுக்காரருக்கு மறுபடி காய்ச்சலாம். இன்னும் ஒரு வாரம் ஆகும்போல."

மேல்வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து மேலே தடதடவென்று நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார். மனிதர் குணமாகி ஒரு சுற்றுப் பெருத்துமிருந்தார். லோடர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, பேச்சை முடித்து வைத்தான்.

திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

"ராங் நம்பர்கிட்டயா மேல்வீட்டுக்காரர் காய்ச்சலைப் பத்திப் பேசினீங்க?"

லோடர் முகத்தில் ஈயாடவில்லை. தான் செய்தது சரியா தப்பா என்று அவனுக்கே தெரியாது. பொய் எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தான்; அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை.

"நான் போனா உனக்கு நிம்மதின்னா சொல்லிடு. இப்பவே திரும்பக் கூப்பிட்டு வர்றேன்னு சொல்லிடறேன்."

அவள் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நறுக்கி வைத்த காயைக் கிளறிப் பார்த்தாள். எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அளவில் இருந்தது.

"எனக்கும் முந்தாநாள் ஒரு ராங் நம்பர் வந்துச்சு" என்றாள்.

"யாரு?"

"ஹோட்டல் மேனேஜர். மறுபடி திறக்கிறாங்களாம், உடனே வரச் சொன்னார். முடியாதுன்னுட்டேன்."

"நீயும் மேல்வீட்டுக்காரரைச் சொன்னியா?"

"அவரை எதுக்கு இழுக்கணும்? உங்களுக்குத்தான் காய்ச்சல்னு சொன்னேன். உங்க பக்கத்துலேருந்து நான் நகரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு சொன்னேன்."

லோடர் ஒன்றும் புரியாமல் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.