டக்கர் வீட்டுச் சிங்கம்

உதய் தன் புதுச் சட்டைகளுக்கு 'டக்கர்' என்று பெயர் வைக்க அனுமதி கேட்டு வந்து நின்றபோது, நோரீன் டக்கருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினோரு வருஷம் கழித்து வருகிறான். கேட்பதும் அவள் பேரையே கேட்கிறான்.

போத்தனூர் ரயில்வே காலனியை ஒட்டி எம்பிராய்டரி யூனிட் வைத்திருந்தாள் நோரீன். சீருடைகளின் பாக்கெட்டில் சின்னம் தைத்துக் கொடுப்பது தொழில். உதய், பீளமேட்டுப் பக்கம் மூன்று தலைமுறையாக மில் நடத்தும் நாயுடு குடும்பத்து வாரிசு. நூல் விற்றது போதுமென்று இப்போது சட்டைக்கு இறங்கியிருந்தான்.

"இங்கிலீஷ் பேருன்னாத்தான் ஷோரூம்ல நிக்குது நோரீன். பாக்கெட்ல உங்க குடும்பச் சின்னமும் இருந்தா நல்லாருக்கும். கேடயம், சிங்கம், அந்த மாதிரி."

"எங்களுக்குச் சின்னம் கிடையாதுங்க. அதெல்லாம் அந்தக் காலத்துல ஒரு ஆளுக்குன்னு குடுக்கறது, பேருக்குன்னு குடுக்கறதில்ல. நெட்ல குடும்பச் சின்னம்னு விக்கிறதெல்லாம் சும்மாங்க."

"அப்ப நீயே ஒண்ணு வரைஞ்சு போடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவனுடைய அந்தக் கேள்விதான் அவளை முடிவெடுக்க வைத்தது. "சரிங்க," என்றாள்.

அவர்கள் காதலித்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உதயின் அம்மா பங்காரம்மா மகனைக் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். பெண் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நம்பி, ரிட்டயர்டு ரயில் டிரைவரான நோரீனின் அப்பா டெஸ்மண்ட், சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். பங்காரம்மா குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, எங்களுக்கு இண்டிபேருன்னு வம்சப் பேரு இருக்குதுங்க, கோத்திரம் இருக்குதுங்க. நீங்க வெள்ளக்காரன் உட்டுட்டுப் போன பேர வெச்சுட்டு நிக்கறீங்க. சட்டைக்காரங்களுக்கு வேரு எங்கீங்க இருக்குது?"

ஆங்கிலோ இந்தியர்களைச் சட்டைக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நோரீன் உதயைப் பார்த்தாள். அவன் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான். அம்மா எழுந்ததும் பின்னாலேயே எழுந்து போனான். அன்று சாயங்காலமே அப்பா வாசலில் இருந்த பெயர்ப் பலகையைத் திருப்புளியால் கழற்றினார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை.

அதன்பிறகுதான் அவள் தன் பேரின் வேரைத் தோண்டிப் படித்தாள். நெய்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு, மிதித்துத் துவைத்து இறுக்குகிறவர்களை மேற்கு இங்கிலாந்தில் 'டக்கர்' என்பார்களாம். தேடத் தேட, கேடயங்களில் வரையும் சிங்கங்களைப் பற்றியும் தெரிந்துகொண்டாள். அவை நிற்பதற்கும் நடப்பதற்கும் திரும்பிப் பார்ப்பதற்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பின்னங்கால்களுக்கு நடுவே வாலை மடக்கிக்கொண்டதும் உண்டு. அதற்குக் கோழைச் சிங்கம் என்று பெயர்.

அதைத்தான் உதய்க்குத் தங்க நூலில் தைத்தாள்.

மாதிரியைக் கையில் வைத்துப் பார்த்தவன், "வாலு உள்ள போயிருக்குதே?" என்றான்.

"அப்படியும் ஒரு வகை இருக்குதுங்க."

"கம்பீரமாத்தான் இருக்குது. போட்டுரு."

அவிநாசி ரோட்டு ஹோட்டல் ஒன்றில் அறிமுக விழா. மில்காரர்களும் கடைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் பட்டுப்புடவையோடு பங்காரம்மா. உண்மையான டக்கர் என்று உதயே நோரீனை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்தான். அவன் நெஞ்சில் சிங்கம் மின்னியது.

"டக்கர்னா துணி மிதிக்கிறவன்னு அர்த்தங்க," என்று நோரீன் நிதானமாக ஆரம்பித்தாள். "எங்க பாட்டன் காலால உழைச்சுச் சம்பாதிச்ச பேரு. யாரும் உட்டுட்டுப் போனதில்லீங்க. இந்தச் சிங்கம் எங்களோடது இல்ல. இது உதய் சாருக்குன்னே நான் வரைஞ்சது. அதோட வாலைப் பாருங்க. எங்கப்பாவை இவரு அம்மா வேரில்லாதவன்னு சொன்னப்போ, என்னைக் கட்டிக்கறேன்னு சொன்னவரு பக்கத்துல உக்காந்து தரையப் பாத்துட்டு இருந்தாரு. இங்கிலீஷ்காரங்க இதைக் கோழைச் சிங்கம்பாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசைக்கு மேசை தாவியது. உதய் தன்னையறியாமல் பாக்கெட்டைக் கையால் பொத்தினான். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அவள் அந்த முகத்தை வேண்டுமட்டும் பார்த்துவிட்டு இறங்கினாள்.

அவன் கேஸ் போடவில்லை. மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்தது அவன்தானே. குடோனில் ஆட்களை உட்காரவைத்துச் சிங்கங்களைப் பிரித்தெடுத்தார்களாம். ஊசித் துளைகள் போகவில்லையாம். நோரீனுக்கு வழக்கமாக வேலை கொடுத்த மில்களில் பாதி நின்றுபோயின. அவள் இரண்டு மெஷினை விற்றாள். ராத்திரிகளில் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு மாதம் கழித்து பங்காரம்மா தனியாக யூனிட்டுக்கு வந்தார். முட்டி வலியோடு படியேறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேசுனவ நானு அம்மணி. வாயத் தொறக்காத பையனை எதுக்குச் சபையில அடிச்சே? என்னையல்லோ அடிச்சிருக்கோணும்?"

"நீங்க எனக்கு ஆகாதவங்க. ஆகாதவங்க அப்படித்தாங்க பேசுவாங்க," என்றாள் நோரீன். "அவன் என் ஆளா இருந்தானுங்க."

பங்காரம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாரேன்," என்றார்.

'போயிட்டு வாங்க' என்று சொல்வதுதான் ஊர் வழக்கம்.

"போங்க," என்றாள் நோரீன்.