பதினோரு கையெழுத்து

விடிகாலை நாலு நாற்பதுக்கு லோடு ஆட்டோ கிளம்பிவிடும். எஸ்தர் அதில் கடைசியாக ஏறி ஏழு மாதமாகிறது.

தகரக் கொட்டகைக்குள் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம். தேசம்மாவின் இருமல். "ஏறுங்கடி, ஐஸ் உருகிடப்போது" என்று தேவானையின் அதட்டல். யாரோ சிரித்தார்கள். வண்டி காசிமேட்டுப் பக்கம் போயிற்று. சத்தம் முழுக்கத் தேய்ந்த பிறகு எஸ்தர் கதவைத் திறந்தாள்.

ஃபைபர் படகுகள் கரையேற ஐந்தரை ஆகும். அதுவரை நொச்சிக்குப்பத்து ஈர மணலில் குந்தியிருந்தாள். காசிமேட்டில் எல்லாரும் சேர்ந்து பெட்டியாக எடுத்தால் விலை படியும். தனியாளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். இன்றைக்கு அரைக்கூடை காரப்பொடி மீனும் நாலு சங்கராவும் கிடைத்தன. ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டையால் அடித்தாள். விரல்கள் மரத்துப்போயின. நொறுங்கியதை மீன்மேல் பரப்பி, ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள்.

கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொரு கை வேண்டும். முதல் மாதம் யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடையைப் படகின் விளிம்பில் வைத்து, முழங்காலை மடக்கித் தலையைக் கீழே கொடுத்து, மெல்ல நிமிர்வது. ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. நிமிர்ந்துவிட்டாள்.

சவேரியார் குப்பத்து பி பிளாக்கை இடித்து நாலு வருடம் ஆகிவிட்டது. அதே இடத்தில் பதினெட்டு மாதத்தில் புதுக் கட்டடம் என்று சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் தகரக் கொட்டகை. வரிசைக் கடைசியில் இருந்த பதினோரு கொட்டகையும் மீன் விற்கும் பெண்களுடையவை. விடியுமுன் பூட்டிக்கொண்டு போனால் திரும்ப மதியம் இரண்டாகும். தண்ணீர் லாரியோ எட்டு மணிக்கு வரும். கேஸ் சிலிண்டர், தபால், குடிசை மாற்று வாரியத்து ஆள், வோட்டர் லிஸ்ட் ஆள், எல்லாரும் பகலில்தான் வருவார்கள்.

அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். தினம் ஒருத்தி வியாபாரத்துக்குப் போவதில்லை. அவள்தான் அன்றைக்கு முறைக்காரி. மற்றப் பத்து வீட்டுச் சாவியும் அவள் கதவு ஆணியில் தொங்கும். பதினோரு வீட்டுக் குடத்தையும் அவள் நிரப்புவாள். தண்ணீர் நோட்டில் ரேஷன் கார்டுக்கு உரியவர் கையெழுத்து இருந்தால்தான் லாரிக்காரன் குழாயைத் திறப்பான். அதனால் பதினோரு கையெழுத்தையும் முறைக்காரியே போடுவாள். தேசம்மா கையெழுத்துப் படுத்துக்கிடக்கும். தேவானை கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுப்பாள். எல்லாருக்கும் எல்லாருடையதும் பழக்கம். மதியம் திரும்பி வரும்போது ஆளுக்கு ஒரு மீன் அவளுக்கென்று எடுத்துவைத்துக் கொண்டுவருவார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்தருடைய முறை. வாரியத்திலிருந்து ஒருவன் தாள்களோடு வந்தான்.

"கணக்கெடுப்பும்மா. வீட்டுக்கு ஒரு கையெழுத்து."

லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எழுத்து பொடியாக இருந்தது. எஸ்தர் சுவரில் வைத்துப் பதினொன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. தண்ணீர் நோட்டில் யாரும் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்துச் சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேள்வி கேட்டார். பி பிளாக்கில் பதினோரு குடும்பத்துக்கு ஏன் வீடு ஒதுக்கவில்லை? அமைச்சர் எழுந்து பதில் சொன்னார். மீனவர் சங்கத்து டில்லிபாபு அதைக் கைப்பேசியில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். அந்தக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே தரப்படும் இடத்துக்குப் போகத் தாங்களாகவே சம்மதித்துக் கையெழுத்திட்டிருக்கின்றன. வாக்காளர் பட்டியலிலும் அவர்கள் இடம் மாறியவர்கள் என்றுதான் இருக்கிறது என்றார் அமைச்சர்.

அடுத்த முறை எஸ்தருக்கு வந்தபோது கதவு ஆணியில் ஒரு சாவியும் தொங்கவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். கணவன் மிக்கேல் இறந்தபோதுகூட கொட்டகைக்குள் அரவம் இருந்தது. ஆள் வந்தது, டீ வந்தது. இந்த ஏழு மாதத்தில் அவள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. பூசைக்குப் போனால் பக்கத்து இடம் காலியாக இருக்கும்.

இன்றைக்கு வியாழன். அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்கிற சட்டமன்றக் குழு நேரில் வருகிறது. திங்கட்கிழமைக்குள் பதினோரு கொட்டகையையும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பிரித்து வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம். அங்கேயிருந்து கடலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மீன்கூடையோடு ஏறினால் கண்டக்டர் முதல் நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவான்.

பதினொரு மணிக்குப் புதுக் கட்டடத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எட்டு மாடி. புதுச் சுண்ணாம்பு வாசனை. அன்றைய முறைக்காரி வீட்டிலிருந்தும் மற்ற ஒன்பது பெண்கள் சந்தையிலிருந்து நேரேயும் வந்து, கூடைகளை வரிசையாக வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தார்கள். எஸ்தர் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

குழுத் தலைவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. இரண்டு பக்கமும் உறுப்பினர்கள், வேறு வேறு கட்சிக்காரர்கள். டில்லிபாபு கொடுத்த மனுவை அவர் வாசித்தார். 'சம்மதக் கடிதத்தில் உள்ள கையெழுத்துகள் எங்களுடையவை அல்ல.'

வாரியத்துப் பொறியாளர் எழுந்தார். கையில் நீல அட்டை நோட்டு.

"மேடம், இது இவங்க தண்ணி நோட்டு. மூணு வருஷத்துக் கையெழுத்து. சம்மதக் கடிதத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அச்சு அசலா ஒண்ணு."

தலைவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்து உறுப்பினரிடம் தள்ளினார். அவரும் தலையாட்டினார்.

"ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் தலைவர்.

"வீடு வேணும்னா ஒரு பேச்சு, வேண்டாம்னா ஒரு பேச்சு" என்றார் பொறியாளர்.

தேவானை எழுந்துவிட்டாள். "வூடு வாணாம்னு எவ சொன்னா? ஒன் ஊட்ல பங்கா கேட்டோம்?"

பந்தலில் சிரிப்பு. பொறியாளர் சிரிக்கவில்லை.

"இந்த முகவரியில உங்களுக்கு வோட்டே இல்லையேம்மா."

"வோட்டு இல்ல, அதனால வூடு இல்லன்ற. வூடு இல்ல, அதனால வோட்டு இல்லன்ற. அப்போ நாங்க எங்க கீறோம், கடலு உள்ளயா? மூணு வருசமா தண்ணி மட்டும் யாருக்கு ஊத்தினே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். தண்ணி வாங்கினது உங்க கையெழுத்து. இதுவும் உங்க கையெழுத்து."

தேவானை உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து இல்லையென்றால், யார் போட்டது?"

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். தேசம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமலை அடக்கினாள்.

ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி திரும்பினால் போதும். மொத்தப் பந்தலும் திரும்பியிருக்கும். எஸ்தர் அந்தப் பத்து முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக அவளைப் பார்க்காத முதுகுகள். இந்த ஏழு மாதத்தில் சங்கத்திலோ, வாரியத்திலோ, போலீசிலோ அவள் பெயரை இவர்கள் யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான் போட்டது மேடம். பதினொண்ணும்."

பொறியாளர் அவள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொல்றியா? அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டா கேஸ். உள்ள போயிடுவ. உக்காரு."

"தெரியும் சார். அன்னிக்கி என் முறை. கணக்கெடுப்புன்னு சொன்னாரு உங்க ஆளு. படிக்காம போட்டேன். தப்பு என்னுது."

"இதை நாங்க எப்படி நம்புறது?" என்றார் ஓர் உறுப்பினர்.

"ஒரு பேப்பர் குடுங்க."

கொடுத்தார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மேசைக்கு முன்னால் குனிந்து எழுதினாள். தேசம்மாவுடையது படுத்துக்கிடந்தது. தேவானையுடையதில் வால் நீண்டது. ஒன்று, இரண்டு, ஆறு, ஒன்பது. ஆட்டோவில் அவர்கள் உட்காரும் வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனாள். கடைசியில் தன்னுடையது. அவள் மணிக்கட்டிலிருந்து ஒரு மீன்செதில் உதிர்ந்து தாளில் ஒட்டிக்கொண்டது.

தலைவர் அந்தத் தாளைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். செதிலை அவர் தட்டிவிடவில்லை.

"அப்படியென்றால் இந்தத் தண்ணீர் நோட்டு?"

தேசம்மா எழுந்தாள். "அதுல நெறைய நான் போட்டது கண்ணு. என் முறை வர்ற அன்னிக்கி."

"நானுந்தான்" என்றாள் இன்னொருத்தி.

"அந்த நோட்ல எம்பேரு நூறு தபா கீது. நான் போட்டது பத்து இருந்தா பெருசு." இது தேவானை. அவள் பொறியாளரைப் பார்த்தாள். "அன்னிக்கி அவ முறை. என் முறையா இருந்தா நானும் தான் படிக்காம போட்டிருப்பேன். கேசு போடணுமா? பதினோரு பேரு மேலயும் போடு சார். ஜெயில்லயாவது ஒரே பிளாக்கா குடு."

இந்தத் தடவை ஓர் உறுப்பினரும் சிரித்துவிட்டார்.

தலைவர் சிரிக்கவில்லை. குழுவின் எழுத்தரிடம் எல்லாவற்றையும் பதிவு செய்யச் சொன்னார். பிறகு பெண்களிடம் சொன்னார். குழு பரிந்துரைதான் செய்ய முடியும். அறிக்கை அடுத்த கூட்டத்தொடரில் அவைக்குப் போகும்.

"திங்கக்கெழம நோட்டீசு மேடம்?" என்றாள் தேவானை.

"வாரியத்தைப் பொறுத்திருக்கச் சொல்லி எழுதுவோம்."

"எழுதிப் பார்க்கட்டும்" என்றார் பொறியாளர், யாரையும் பார்க்காமல். "எனக்கு மேலிடத்து உத்தரவு."

கார்கள் கிளம்பத் தொடங்கின. பெண்கள் கட்டடத்து நிழலில் கூடி நின்றார்கள். எட்டு மாடியிலும் ஜன்னல்கள் மூடிக்கிடந்தன.

"திங்கக்கெழம யாரும் காசிமேடு போவ வாணாம்" என்றாள் தேவானை. "பதினோரு பேரும் ஊட்லயே குந்துவோம். கதவு தொறந்தே இருக்கட்டும். காலி ஊடுன்னு எவன் சொல்றான் பாப்போம்."

"ஒரு நாள் யாவாரம் போச்சே" என்றாள் ஒருத்தி.

"ஊடே போச்சுன்னா?"

யாரும் மறுக்கவில்லை. பக்கத்துச் சந்து ஆட்களிடமும் சொல்வதாக டில்லிபாபு சொன்னான். எத்தனை பேர் வருவார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

எஸ்தர் தள்ளி நின்று தன் கூடையை எடுத்தாள். ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது. மிச்சக் காரப்பொடியை மதியத்துக்குள் விற்றாக வேண்டும். கூடையை வைக்க ஒரு விளிம்பு தேடினாள். புதுக் கட்டடத்துப் படிச்சுவர் உயரம் சரியாக இருந்தது. அதில் வைத்துவிட்டு முழங்காலை மடக்கினாள்.

பாரம் தலையில் இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கூடைக்கு அடியில் தேவானையின் கை.

"இன்னா பாக்குற? எழுந்திரு. கழுத்த ஒடிச்சிக்கினு சாவப்போற."

எஸ்தர் எழுந்தாள். கூடை தலையில் உட்கார்ந்தது.

அப்போது குழுவின் எழுத்தர் தாள்களோடு ஓடிவந்தார். கார் அவருக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அம்மா, வாக்குமூலம். கையெழுத்து வாங்க மறந்துட்டேன். பதினோரு பேரும் போட நேரமில்ல. யாராவது ஒருத்தர் எல்லாருக்கும் சேத்துப் போட்டாப் போதும்." பேனாவை எஸ்தரிடம் நீட்டினார். "நீங்களே போட்டுடுங்க."

தேவானை எஸ்தரின் தலையிலிருந்த கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். எழுத்தருக்கு முன்னால் போய் நின்றாள். தேசம்மா அவளுக்குப் பின்னால் நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து நின்றார்கள். எஸ்தர் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவள் ஓர் அடி நகர்ந்து, அவளை நிழலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. எழுத்தர் திரும்பிக் காரைப் பார்த்தார்.

"காரு நிக்கட்டும்" என்றாள் தேவானை. "மொதல்ல படி நைனா. அதுல இன்னா எழுதிக்கினு வந்துகீற?"