மங்களம் வீட்டுப் பந்தி

சின்னையா 1974-ஆம் வருடம் செத்தார். கருமாதி முடிந்த மறுநாள் மாலை, எல்லாரும் குளித்துவிட்டு உலை வைக்கிற நேரத்தில், மகன் அப்பாவுவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. கடைசியாக உடுத்திவிட்ட அதே வேட்டி, நெற்றியில் ஒட்டிய காசு. தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை மட்டும் அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். நாய்கள் குரைக்கவில்லை. எழுந்து அடுத்த லயத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. மழை பெய்தது, அவர் நனையவில்லை. வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை, வயிறு மட்டும் இரைந்தது. லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு எல்லாம் பலகைச் சுவர் என்பதால் அந்த இரைச்சல் கடைசி வீடுவரை போனது. ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாலும் அதற்கு மேலே கேட்டது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதியதும் போய்விட்டார். மறுநாள் மாலை மறுபடி வந்தார்.

எதற்கு வந்தார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்பு அப்பாவு சம்சுச் சாராயம் குடித்துக் குடித்து, ரத்தமாக வாந்தியெடுத்து, பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ரயில்வே ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற குலசிங்கம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஈப்போவில் ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையை நடத்திவந்தார். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து முன்பின் தெரியாதவர்களின் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிப்பது அவர் வழக்கம். அப்பாவுவின் அருகிலும் உட்கார்ந்தார். அப்பாவு பிழைத்தான், சம்சுவை விட்டான், அவனும் மனைவி மங்களமும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். மகன் பிழைத்ததில் சின்னையாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரே மகன். "நான் செத்தா எனக்கு யாருடா படைப்பா?" என்று கேட்டார். தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்காத வீடு தோட்டத்தில் இல்லை. பெற்ற பிள்ளை போடாத சோறு செத்தவர் வாய்க்குப் போகாது என்பதும் எல்லாரும் அறிந்த சங்கதி. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் படைப்பதில்லை. அன்றிலிருந்து சின்னையா மருமகள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. சாப்பாடு எல்லாம் பக்கத்து லயத்தில், தம்பி பெண்சாதி காளியம்மா வீட்டில். கடைசிப் படுக்கையில் மங்களம் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் கஞ்சியை அவள் கொல்லையில் கொட்டினாள். அப்போது அவளுக்கு இருந்தது துக்கமில்லை. நெஞ்சு கொதிக்கிற கோபம்.

கொள்ளி வைத்ததும் கருமாதி செய்ததும் காளியம்மாவின் மகன் பத்துமலை. உழைப்பாளி, உதவி என்றால் ஓடி வருகிறவன். நாக்குத்தான் கொஞ்சம் நீளம். பெரியப்பா பசியோடு நிற்பதைப் பார்த்து அவன் தன் வீட்டிலேயே இலை போட்டுக் கூப்பிட்டான். சின்னையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த எரிச்சலையெல்லாம் பத்துமலை குழாயடியில் நான்கு பேர் முன்னால் மங்களத்திடம் இறக்கினான். "என்னா அண்ணி, உங்க ஏசு செத்தவங்கள எழுப்புவாருன்னு சொன்னீங்க. இங்க ஒருத்தரு தானா எழும்பி வந்து நிக்கிறாரு. ஒரு வாய் சோறு போட முடியலயா? என்னா சாமிலா அது?" குழாயடியே சிரித்தது. மங்களம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது பத்துமலைமேல் அல்ல. கேள்வி சரியாக இருந்ததுதான் அவளைச் சுட்டது.

ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தார்கள். குலசிங்கம் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். சின்னையா பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே பேசாதவர் என்பதால் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார், ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, இதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது. தெரிஞ்ச மாதிரிக் கதைச்சா அது பொய்" என்று மங்களத்திடம் சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போனார். ஒரு வருடம் இப்படியே போனது. லயத்துக்காரர்கள் சின்னையாவைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினார்கள். அப்பாவு மட்டும் பழகவில்லை. அவன் தூங்குவதை மறந்தான். மரம் சீவும்போது பட்டையை விட்டுக் கட்டையில் கத்தி இறங்கியது, மேற்பார்க்கும் மண்டோர் ஏசினான். வீட்டுக்கு முன்பக்கமாக வராமல் கொல்லை வழியாக நுழையத் தொடங்கினான்.

1975 கடைசியில் ஒரு மாலை, மங்களம் விறகு பொறுக்கப் போயிருந்த நேரத்தில், அப்பாவு லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் இலை போட்டான். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு சுருட்டு, கிளாஸில் கள்ளு. கையைக் கூப்பினான், ஆனால் காது மட்டும் மங்களத்தின் காலடிக்காகத் திறந்திருந்தது. சின்னையா வந்தார், இலையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். செத்த பிறகு முதன்முதலாக வாய் திறந்தார். "பயத்துல போட்ட சோறு எறங்காதுடா" என்றார். பிறகு நடந்து பழையபடி வாசலில் போய் நின்றுகொண்டார். அப்பாவு அந்தக் கள்ளை எடுத்து அவனே குடித்தான்.

மங்களம் திரும்பி வந்தபோது முதலில் அவளுக்கு வாடை வந்தது, பிறகு இலை தெரிந்தது. புருஷனின் கண்ணைப் பார்த்ததும் அவன் குடித்திருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் இருந்த ரத்தப் பேசின் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இன்றைக்குக் கள்ளு, நாளைக்குச் சம்சு, அதற்கடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும். அன்றிரவு அவள் ஜெபத்தில் உட்கார்ந்து ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வயிறு இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பசியோடு வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிடச் சொல்கிற சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, ஒரு வருடமாகக் கதவைச் சாத்தி வைத்திருந்தது பக்தியில்லை, கஞ்சிக்காக அவள் சுமந்த கோபம்தான் என்பது விடிவதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. மறுநாள் மாலை கதவை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, உயிரோடு வருகிறவர்களைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள். "வாங்க மாமா, உள்ள வந்து உக்காருங்க. சோறு ஆறுது." சின்னையா வாசலைத் தாண்டிய சமயம் லயம் முழுக்க விளக்குகள் தணிந்து எரிந்தன. பாயில் மகனுக்கு எதிரே உட்கார்ந்தார். மங்களம் மூன்று தட்டிலும் ஒரே பானையிலிருந்து போட்டாள், ஜெபித்தாள். அவளும் அப்பாவுவும் சாப்பிட்டார்கள். சின்னையா தட்டைத் தொடவில்லை.

தொடவில்லை என்றாலும் அன்றைக்கு வயிற்றின் இரைச்சல் கொஞ்சம் தணிந்தே கேட்டது, அப்பாவு தூங்கினான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் சின்னையா தினமும் வந்து உட்கார்ந்தார், தினமும் மங்களம் போட்டாள், ஒருநாளும் அவர் கை வைக்கவில்லை. காலையில் அந்தச் சோற்றைக் கோழிக்குப் போடுவாள், கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்னும். அப்பாவு மறுபடி குடிக்கவில்லை. ஆனால் கேள்விகள் இப்போது இரண்டு பக்கமிருந்தும் வந்தன. தோட்டத்தில், "வேதத்துக்குப் போயும் கடைசியில படையலுக்குத்தான வந்தா" என்றார்கள். ஈப்போச் சபையில் மூப்பரின் மனைவி நவமணி, எல்லார் முன்னாலும், "பேய்க்குப் படைக்கிறியாமே?" என்று கேட்டாள். மங்களம், "படையல் போட்டா செத்தவங்க சாப்புட்டப்புறம்தான் நம்ம சாப்புடுவோம் அக்கா. நாங்க அவர கூட உக்கார வச்சி சாப்புடுறோம். அவ்வளவுதான்" என்றாள். நவமணிக்கு அது போதவில்லை. சபை விசாரிக்கச் சொல்லிக் குலசிங்கத்தை அனுப்பியது. அவர் சின்னையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், நடுவில் ஒருமுறை சம்பால் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினார், வேண்டாம் என்று சின்னையா தலையாட்டினார். திரும்பிப் போய்ச் சபையில், "விருந்தாளி ஒருத்தர் இருந்தார். நல்ல மனுசன், சாப்பாடுதான் செல்லேல்லை" என்று சொன்னார்.

எழுபதுகளின் கடைசியில் ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட ஆரம்பித்தார்கள். வேலை குறைந்தது. குடும்பங்கள் லாரியில் சட்டிபானை ஏற்றிக்கொண்டு கமுந்திங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் ஈப்போவின் வாடகை வீடுகளுக்கும் கிளம்பின. உயிருள்ளவர்களை ஏற்ற லாரி இருந்தது. செத்தவர்கள் தோட்டத்திலேயே தங்கினார்கள். பட்டணத்தில் தீபாவளிக்கு முதல் நாளும் ஷிப்ட் இருந்தது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற இடத்தில் இலை போட மூலை இருக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முதலில் வந்தவள் புல்வெட்டுக்குப் போய்ப் பாம்பு கடித்துச் செத்த வீரம்மா. வாசலில் அவள் வயிறு இரைந்ததும் மங்களம் ஏன் எதற்கு என்று கேட்காமல் இன்னொரு தட்டை வைத்தாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். காலரா வருடத்துப் பிள்ளைகள் வந்தார்கள், பெயரே யாருக்கும் நினைவில்லாத, கப்பலில் வந்த காலத்து ஆட்கள் வந்தார்கள். மங்களம் ஜெபிக்கும்போது பந்தி முழுவதும் விபூதி நெற்றியோடு கையை மடியில் வைத்துக் காத்திருக்கும். சிலர் கூரையைப் பார்ப்பார்கள். விபூதியை அழிக்கச் சொல்லி அவள் யாரையும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளை போடாவிட்டாலும், படையல் இல்லாத அந்தப் பந்திச் சோறு அவர்கள் வாய்க்குப் போனது. அவர்கள் சாப்பிட்டால் சோறு குறையாது, மணமும் ருசியும் மட்டும் போய்விடும். அதைக் கோழி சீண்டாது, மண்ணில்தான் புதைக்க வேண்டும். மருமகள் கைச் சோறு என்று தொடாத சின்னையாவின் தட்டு மட்டும் எப்போதும் மணத்தது. அது மங்களத்துக்கு ஒரு தீராத வலி. இத்தனை பேர் வயிறு நிறைந்தும் யாருக்காகக் கதவைத் திறந்தாளோ அவர் பட்டினி கிடந்தார்.

பத்துமலை 1980-இல் கமுந்திங் தொழிற்சாலைக்குப் போனான். அதற்கு முந்திய வருடம் செத்த காளியம்மாவுக்கு முதல் தீபாவளிக்குப் படைத்தான், அடுத்த தீபாவளிக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதன் பிறகு விட்டுப்போனது. 1984-இல் தோட்டத்தில் மூன்று வீட்டில்தான் விளக்கு எரிந்தது; வருடக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தோட்டத்துக் கோயிலைப் பெயர்க்கும் முன் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தீபாவளிக்கு முதல் நாள் பத்துமலை மோட்டார் சைக்கிளில் வந்தான். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்கு மங்களத்தின் வீட்டுக்கு ஓடினான். அன்றைக்குத் தோட்டத்துச் செத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பந்தி அறைக்குள் கொள்ளாமல் கொல்லைவரை நீண்டிருந்தது. நடுவில் அவன் அம்மா காளியம்மா, எலும்பும் தோலுமாக, தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பத்துமலை, "அம்மா" என்றான். காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கைய கழுவிட்டு உக்காருடா, மழையில நனைஞ்சிட்டு வந்திருக்க" என்றாள். மங்களம் அவனுக்கு ஒரு தட்டை நீட்டினாள், அது அவள் தனக்காக எடுத்து வைத்திருந்தது. பானையில் வேறு இல்லை. "உக்காருங்க தம்பி" என்றாள். பத்துமலை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். கண்ணீர் சோற்றில் விழுந்தது. எத்தனையோ கேட்டவன் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மங்களம் ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று யாரிடமோ சொன்னாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தக் கூட்டத்திலும் அவள் வயிறு இரைந்தது கேட்டது. பசியின் சத்தம் சின்னையாவுக்குத் தெரியாதா? எல்லாரையும் பார்த்தார், பத்துமலையின் கையில் இருந்த தட்டைப் பார்த்தார், வெறும் பானையைப் பார்த்தார். தன் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். "நீ தின்னு தாயி" என்றார். அவள் தலையாட்டினாள். "நீங்க சாப்புடாம நான் எப்படி மாமா சாப்புடுவேன்?" சின்னையா விரலால் சோற்றின் நடுவில் கோடு இழுத்து, பாதியைத் தன் பக்கம் ஒதுக்கினார், ஒரு வாய் எடுத்து வைத்தார். உடனே தட்டு முழுவதும் மணம் செத்துப்போனது. மங்களம் தன் பாதியைப் பிசைந்து சாப்பிட்டாள். மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அப்பாவு எழுந்து போய்க் கொல்லையில் மழையில் நின்றான்.

வருடக் கடைசியில் தோட்டம் காலியானது. அப்பாவுவும் மங்களமும் ஈப்போவில் நான்காம் மாடியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். இந்த முறை செத்தவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். மாலையில் அவர்கள் படியேறி வருவதைப் பார்த்து எதிர்வீட்டுச் சீன அம்மாள் முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள், பிறகு படியில் வெளிச்சம் போதாது என்று ஒரு பல்பு வாங்கி மாட்டினாள். கமுந்திங்கிலிருந்து பத்துமலை மாதச் சம்பளம் வாங்கியதும் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்குவான். சின்னையா நான்கு மாடி ஏறி வந்த அலுப்போடு உட்கார்ந்து, குழம்பில் உப்புப் போதாது என்பார். மங்களம் உப்பை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள்.